நாற்பதாயிரம் வரிக்குள் சிவப்பாக ஒன்று

இந்த ஜெர்மன் ஆபீசில் பக்கத்து மேசைக்காரனிடம் ஒரு சந்தேகம் கேட்கவும் காலண்டரில் நேரம் குறிக்க வேண்டும். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் லூக்காஸ் வியாழன் மூன்றரை மணிக்குத்தான் எனக்குக் கிடைப்பான். விளக்கிவிட்டு, "புரிகிறதா?" என்பான். நான் "யா, யா" என்பேன். தென்காசிக்காரன் வேலை சொல்லித் தருகிறவர் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்வானா? அதை மரியாதை என்று நான் நினைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் நம்பிவிட்டான். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஆறு மாதம் தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்கு விமானம். என் தலையில் விழுந்த வேலை, எங்கள் கணினி நிரல் ஒன்று ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று கண்டுபிடிப்பது. நிரல் ஓடும்போதே, அதில் அடிக்கடி சுற்றும் பகுதிகளை இயந்திர மொழிக்கு மாற்றுவது ஜிட் கம்பைலர். தான் செய்ததையெல்லாம் அது டிரேஸ் என்ற பதிவாகக் கொட்டும். நாற்பதாயிரம் வரி! நான் எழுதிய வரி அதில் எங்கே கிடக்கிறதென்று யார் கண்டது? மூன்று வாரம் கண் பூத்ததுதான் மிச்சம்.

சுரண்டையில் காய்கறி மண்டி நடத்தும் அக்காவிடம் வீடியோவில் புலம்பினேன். அவளுக்குப் பின்னால் கேரள லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"எதுக்குலே பொலம்புதே? இங்கன பாரு, ஏழு யாவாரிக்கும் ஒரே லாரிதான். ஆளுக்கொரு கலர் நூல்ல மூட்ட வாயத் தச்சிருக்கோம்லா. அங்கன எறக்குதவன் நூலப் பாத்தே பிரிச்சிருவான்."

அட, இது போதுமே! நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளுக்கு ஒரு கருவி எழுத உட்கார்ந்துவிட்டேன். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம், அதிலிருந்து பிறந்த டிரேஸ் வரிகளுக்கும் அதே நிறம். ஒரு வரியில் கர்சரை வைத்தால் அதன் சொந்தபந்தம் மட்டும் நிற்கும், மற்றவை மடிந்துகொள்ளும். கம்பைலரின் கணிப்பு பொய்த்த இடங்களுக்கென்று சிவப்பை ஒதுக்கினேன். புதன்கிழமை டிரேஸைத் திறந்தால் ஒரே வரிக்குக் கீழே சிவப்பாகக் கொட்டிக் கிடக்கிறது! முழு எண்தான் வரும் என்று கம்பைலர் நம்பிய இடத்தில் நடுநடுவே தசம எண் வந்திருக்கிறது. வரும்போதெல்லாம் மாற்றி வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்த வரியைத் திருத்தினேன். நிரல் பறந்தது.

காலண்டராவது மண்ணாவது! லூக்காஸைத் தோளைத் தட்டி இழுத்து வந்தேன். திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தவன், "எனக்கும் இந்த டிரேஸ் ஒருநாளும் புரிந்ததில்லை. உனக்குப் புரிகிறது என்றாயே, கேட்க வெட்கமாக இருந்தது" என்றான். அடப்பாவி! இருவரும் சிரித்த சிரிப்பில் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை டீம் முழுக்க என் கருவியைப் போட்டுக்கொண்டது. நிரந்தர வேலைக்குக் கையெழுத்திட்டதும் அக்காவைக் கூப்பிட்டு, "ஜெயிச்சுட்டேன்க்கா!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்லா! குத்தாலத்துல சீசன் தொடங்கிட்டு. எப்பலே வாரே?"

"லீவு கேட்டிருக்கேன். பத்து நாள் இருப்பேன்."

"விருந்தாளி மாதிரில்லா சொல்லுதே," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அன்று காலை, வேலை ஒப்பந்தத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் கை தானாகத் தென்காசி என்று எழுத, அதை அடித்துவிட்டுத்தான் இங்கே நான் குடியிருக்கும் தெருவின் பெயரை எழுதியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.