பன்றி உண்டியலில் இருபது மார்க்

1987 நவம்பர் 19, வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். தூறல். சந்தியில் உள்ள மருந்துக்கடையின் வெப்பமானி நான்கு பாகை காட்டியது. வெளிநாட்டவர் கந்தோரின் நடையில் பதினொரு கதிரைகள் இருந்தன; எனக்கு முன்னால் ஆறு பேர். முதல்நாள் புதன்கிழமை இவர்களுடைய பாவமன்னிப்பு நாள் என்று கந்தோர் பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் பொதுசனத்தைப் பார்ப்பதில்லை. ஆக எனக்கு இருந்தது இந்த ஒரு வியாழக்கிழமை மட்டுந்தான். அடுத்த நாள் காலை ஹம்பேர்க்கில் என் மனைவிக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று அனுமதியோடு போனவள் அங்கேயே வயிற்றுவலியில் விழுந்துவிட்டாள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை நாங்கள் எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக ஏலாது. போவதென்றால் ஒரு கடதாசி வேண்டும். அதை எங்கள் முகாமில் ‘துண்டு’ என்போம். இரண்டு மணித்தியால ரயில் தூரத்தில் கிடக்கும் மனைவியைப் பார்க்க அறுபத்திரண்டு வயது மனிதனுக்கு முத்திரை குத்திய துண்டு வேண்டும். இங்கே வந்த இரண்டு வருடத்தில் மற்றதெல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

அன்று என் சட்டைப் பையில் நாலாக மடித்த இருபது மார்க் தாள் ஒன்று இருந்தது. அதை நான் மறந்து கொண்டுபோகவில்லை, தெரிந்துதான் கொண்டுபோனேன். அதற்குக் காரணம் ஜேர்மனி அல்ல.

இங்கே வருவதற்கு முன் நான் ஒன்பது வருடம் ஆபிரிக்காவில் ஒரு நாட்டில் கணிதம் படிப்பித்தேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. ஒன்பது வருடம் சோறு போட்ட நாடு. பாடசாலைகள் மாவட்டக் கல்விச் செயலாளரின் கீழ் இருந்தன. அவரை யாரும் தெரிவு செய்வதில்லை, அவர் சோதனை எழுதி வருவதுமில்லை. மாகாண ஆளுநர் நியமிப்பார், ஆளுநரே ஒருநாள் கலைப்பார். ஒன்பது வருடத்தில் நாலு பேரைப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரி இரண்டு வருடம் மூன்று மாதம். ஒவ்வொருவரும் வந்த கிழமையே பாடசாலை மைதானத்தில் ஆசிரியர்களைக் கூட்டி, இலஞ்சத்தை வேரோடு பிடுங்கப் போவதாகப் பேசினார்கள். நாங்கள் கைதட்டினோம். இரண்டாம் கிழமை புதிய விலை தெரியவரும். எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும், சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பவும் அவருடைய கையெழுத்து வேண்டும். முதலாமவர் பயிற்சிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னார். இரண்டாமவர் காசைத் தொடவே மாட்டார், அவருடைய சாரதி தொடுவான். மூன்றாமவர் இரண்டு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நான் ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். மூன்றாம் மாதம் பெற்றோல் கேட்டார். நாலாமவர்தான் கெட்டிக்காரர். மேசையில் ஒரு தகர உண்டியல் வைத்து, ‘மாணவர் விளையாட்டு நிதி’ என்று எழுதி ஒட்டியிருந்தார். அதற்குள் தாள் விழுந்தால் பேனா மூடி திறக்கும். எங்கள் பாடசாலைக்கு அவர் காலத்தில் ஒரு பந்துகூட வரவில்லை. நாங்களே பழைய துணியைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தோம்.

கறுப்பர்களுடைய குணம் அது என்று எங்கள் ஆட்களில் பலர் பேசுவார்கள். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் பியோனின் கையில் ஐந்து ரூபா வைக்காமல் உள்ளே போன எத்தனை பேரை எனக்குத் தெரியும்? என் இரண்டு கை விரல்களே மிச்சம். அங்கே என்னோடு பௌதிகம் படிப்பித்த சாமுவேல் அந்த நாட்டுக்காரன். ஒரு சதம் கொடுக்க மாட்டான். பதவி உயர்வு அவனுக்கு மூன்று தரம் தப்பியது. கடைசியில், நூற்று நாற்பது மைலுக்கு அப்பால், மழைக்காலத்தில் வள்ளத்தில் போகவேண்டிய ஒரு பாடசாலைக்கு மாற்றினார்கள். போவதற்கு முதல்நாள் ஆசிரியர் அறையில் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்: “அந்தக் கதிரைக்கு அவர் ஆளுநருக்கு விலை கொடுத்தார். எப்போது கலைப்பார்களோ தெரியாது, அதற்குள் போட்டதை எடுக்க வேண்டும். அது அவருடைய கணக்கு. உன்னுடைய கணக்கு என்ன? நீ ஒப்பந்தக்காரன். கேட்ட உடனே கொடுப்பாய், ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவாய். நீ கொடுத்த விலை இங்கே நின்றுவிடும். நாங்கள் அதைக் கட்ட வேண்டும்.” எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு ‘பி’க்கு இருபடிச் சமன்பாடு இருந்தது. மணி அடித்தது என்று எழுந்து போய்விட்டேன்.

என் மனைவியும் அங்கே என்னோடு இருந்தவள்தான். நான் உண்டியலுக்குக் காசு எடுக்கும் ஒவ்வொரு தரமும், “பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற மனுசன் செய்யிற வேலையே இது?” என்பாள். பிறகு அவளே போய்ச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கித் தருவாள்.

ஒன்பது மணி பத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் பிராவ் லெம்க; பிராவ் என்றால் இங்கே திருமதி. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி சங்கிலியில் தொங்கும். மேசையின் ஓரத்தில் ரோசா நிறப் பீங்கான் பன்றி ஒன்று. முதுகில் காசு போடும் வெட்டு. வயிற்றில் ஒட்டிய கடதாசியில் ‘கோப்பி’ என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தது. நான் கதிரையில் இருந்தபோதே பக்கத்து அறை அதிகாரி ஒருவர் வந்து, பன்றிக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு, பிராவ் லெம்க நீட்டிய பைல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய மற்றக் கையில் கோப்பிக் குவளை இருந்ததாம். அது எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது நாணயத்தையும் பைலையும் மட்டுந்தான்.

மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிய ஆஸ்பத்திரி விபரத்தைக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கே என்று கேட்டார். தபாலில் வருகிறது என்றேன். “ஷ்வீரிஷ்” என்றார். கஷ்டம் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல் தெரியும். நாலு செயலாளர்களும் நாலு விதமாகச் சொன்ன சொல். பிறகு பன்றி இருந்த பக்கம் பார்த்தார். பன்றிக்கு மேலே சுவரில் மணிக்கூடு இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். ஹம்பேர்க்குக்கு இரண்டு தரம் தொலைபேசியில் பேசினார், பெருமூச்சு விட்டார், தட்டச்சுப் பொறியில் ஏதோ அடிக்கத் தொடங்கினார். என்னை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார் என்று நினைத்தேன். இருபது மார்க்கை எடுத்துப் பன்றிக்குள் போட்டேன்.

தட்டச்சு நின்றது. “என்ன செய்கிறீர்கள்?”

“கோப்பிக்கு” என்றேன், சிரித்துக்கொண்டு.

அவருடைய கழுத்து சிவந்தது, பிறகு முகம். பக்கத்து அறைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்தப் பன்றிக்கு அடியில் மூடி இல்லை. கட்டடக் காவலாளி சுத்தியலோடு வந்தார். ஒரு துணியில் சுற்றி ஒரே அடி. சில்லறையைத் தனியாக எண்ணினார்கள், பதினொரு மார்க் எழுபது பெனிக். என் தாளை என் முன்னால் வைத்து, திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். வாழ்க்கையில் நான் கொடுத்த இலஞ்சங்களில் திரும்பி வந்தது அது ஒன்றுதான். பன்றிக்குக் காசு தருகிறேன் என்றேன். “வேண்டாம், வேண்டாம், இனி ஒன்றும் தராதீர்கள்” என்று இரண்டு கையையும் தூக்கினார் பிராவ் லெம்க.

பிறகு தட்டச்சுப் பொறியில் இருந்த தாளை உருவினார். அதில் என் பெயர் இருந்தது. ஹம்பேர்க் என்றிருந்தது. நவம்பர் 19 முதல் 23 வரை என்றிருந்தது. முத்திரை மட்டுந்தான் பாக்கி. அவர் ஆஸ்பத்திரியோடு பேசி உறுதிப்படுத்திவிட்டு எனக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

“இதை இப்போது நான் தர முடியாது. தந்தால் அந்தக் காசுக்குத் தந்ததாக ஆகிவிடும். மேலதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும். அவர் திங்கட்கிழமை வருவார்” என்றார், ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி. குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “உங்கள் மனைவிக்கு நல்லபடி நடக்கட்டும்” என்று சொல்லி, தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

முகாமில் என் அறையில் என்னோடு இருப்பவர் குணம், மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், முப்பத்தெட்டு வயது. நடந்ததைச் சொன்னேன்.

“மாஸ்ரர், உங்களுக்கென்ன மண்டை பிழைச்சுப் போச்சே? அது அவையள் கோப்பித்தூள் வேண்டப் போடுற சில்லறை!”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு வரியமா இஞ்ச இருக்கிறியள். ஆரும் உங்களிட்டைக் கேட்டவையே? ஒருக்காலெண்டாலும் கேட்டவையே?” சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். “எனக்கு வாற மாசம் விசா நீட்ட வேணும். இனி நான் போனாலும் முகத்தைப் பாக்க மாட்டினம், கையைத்தான் பாப்பினம். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அதுதான்.”

சாமுவேல் இதைச் சொன்னபோது மணி அடித்தது. இங்கே மணி இல்லை. சப்பாத்தைப் போட்டேன்.

“எங்க போறியள்?”

“ஹம்பேர்க்.”

“துண்டில்லாமலோ? பொலிஸ் பிடிச்சா?”

“பிடிச்சாப் பிடிக்கட்டும், குணம்.”

அவர் தன் தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றித் தந்தார். “இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. உங்கட சட்டையைப் பாத்தாலே அகதியெண்டு தெரியும்.”

மாலை ஆறு மணி ஐந்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையருகில் நின்றேன். மனைவி மெலிந்திருந்தாள். “இஞ்சருங்கோ, வந்திட்டியளே! துண்டு தந்தவையே?”

“ஓம், தந்தவை.”

“ஏதும் கேட்டவையே?”

“இல்லை.”

“பாத்தியளே. இவையள் கேக்க மாட்டினமெண்டு நான் அப்பவே சொன்னனான்.” கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தாறு வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன பொய்களில் எது பெரியது என்று தெரியாது. அன்று சொன்ன இரண்டில், துண்டு தந்தவை என்றது பொய், ஒன்றும் கேட்கவில்லை என்றது உண்மை. ஆனால் அந்த உண்மைதான் என்னைக் கூடுதலாகக் குத்தியது.

வெள்ளி காலை ஏழு நாற்பதுக்குக் கொண்டுபோனார்கள். நூற்று ஐந்து நிமிடம். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள் என்று தாதி மகளிடம் சொன்னாளாம். ஒரு சின்னப் போத்தலில் கற்களைப் போட்டுத் தந்தார்கள். பதினாலு.

சனிக்கிழமை திரும்பும்போது ஹம்பேர்க் பெரிய ஸ்டேஷனில் இரண்டு பொலிஸ்காரர் என் கடதாசியைக் கேட்டார்கள். குணத்தின் குளிர்ச்சட்டை உதவவில்லை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மனைவிக்கு ஒப்பரேஷன் என்றேன், போத்தலைக் காட்டினேன். இளையவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “விரைவில் சுகம் வரட்டும்” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு, எழுதத் தொடங்கினான்.

அபராதக் கடிதம் டிசம்பரில் வந்தது. ஜனவரி 14ஆம் திகதி நகரசபைக் காசாளரிடம் கட்டினேன். மூன்று ஐம்பது மார்க் தாள்கள். அந்தப் பெண் எண்ணினாள், முத்திரை குத்தினாள், இலக்கமிட்ட பற்றுச்சீட்டைத் தந்தாள். அரச கந்தோர்களில் நான் எத்தனையோ மேசைகளில் காசு வைத்திருக்கிறேன், மூன்று நாடுகளில். பற்றுச்சீட்டு கிடைத்தது இதுவே முதல்தரம். அதை இடது கையில் பிடித்தபடி, இன்னும் போகாமல் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. அவள் தலையை நிமிர்த்தி, “வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள். அவள் வெறுமனே கேட்டாள். என் வலது கை எனக்கு முன்னரே பதில் சொல்லத் தொடங்கி, காற்சட்டைப் பைக்குள் போய்ச் சில்லறையைப் பொத்திப் பிடித்திருந்தது. “இல்லை” என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். கையை எடுக்கச் சிறிது நேரம் பிடித்தது. வெளியே வந்து, நடையில் நின்று அந்தப் பயணத்தின் செலவைக் கூட்டிப் பார்த்தேன். ரயிலுக்குப் போகவர அறுபத்திரண்டு மார்க் எண்பது பெனிக், ஹம்பேர்க்கில் எஸ்-பான் நகர ரயிலுக்கு ஐந்து மார்க், அபராதம் நூற்றைம்பது. இருநூற்றுப் பதினேழு மார்க் எண்பது பெனிக்.