மாணிக்கம் அறைக்குக் கதவு

அந்தமானில் ஒரு காண்டிராக்டர் "இதோ முடிஞ்சிரும்" என்றால், கப்பல் வந்தால் முடியும் என்று அர்த்தம். சிமென்ட் முதல் தாழ்ப்பாள் வரை எல்லாம் மெயின்லேண்டிலிருந்து வந்து ஹேடோ துறைமுகத்தில் இறங்க வேண்டும். வீட்டில் ஆள் விட்டு வேலை பார்த்து, தூசிக்கு நடுவே சோறு தின்ற புண்ணியவான்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

சமீபத்தில் மரைன் ஹில்லில் ஒரு வேலை எடுத்தேன். இனி வைத்தியம் இல்லை என்று வந்தவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. பெரிய ஹாலைத் தடுத்து, தனித்தனி அறைகளாக்கி, துணைக்கு இருப்பவருக்கும் ஒரு கட்டில் போட்டுத் தர வேண்டும்.

பூனை நடை

ஹாலின் ஒரு பாதியில் நோயாளிகள், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நாங்கள். சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் சுத்தியல் அடிப்பதாவது! கொத்தனார் பிஸ்வாஸிடம் "தீரே, தாதா, தீரே" என்று, மெதுவாக அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவரும் சுவரைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைப்பதுபோல் உடைத்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாயைத் தாண்டி ஒரு குரல் வந்தது. மாணிக்கம் ஐயா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். ஆண்கள் ஹாலில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. அதனால் அவர் மனைவி பொன்னம்மா இருட்டுவதற்குள் ஹேடோவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். மனைவி பக்கத்தில் இல்லாத ராத்திரியில் உயிர் போய்விடுமோ என்பதுதான் மனிதருக்கு ஒரே பயம். அறை தயாரானால் பொன்னம்மாவும் கூடவே இருக்கலாம்.

"அரே பாய், ஜோர்ஸே மாரோ!" என்று, பலமாக அடிக்கச் சொல்லி பிஸ்வாஸுக்கு உத்தரவு போட்டுவிட்டு, மாணிக்கம் என்னிடம் சொன்னார்: "சத்தம் கேட்டாத்தான் தம்பி வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

என் பெருமை

சுவர் எழுந்தது, பெயின்ட் அடித்தாயிற்று. கட்டிலுக்கு நேர் மேலே பளிச்சென்று ஒரு எல்.இ.டி. விளக்கும் மாட்டினேன். எந்தக் கிரகப்பிரவேசத்திலும் எனக்குப் பேர் வாங்கித் தரும் விளக்கு அது. மாணிக்கத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து காட்டினோம். அவர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். படுத்தேன். கண் கூசி, கையால் முகத்தை மூடிக்கொண்டேன். அன்றைக்கே விளக்கைத் தலைமாட்டுச் சுவருக்கு மாற்றினேன்.

"நின்னுக்கிட்டுப் பார்க்கிறவங்களுக்குல்ல தம்பி வெளிச்சம் போட்டிருந்தீங்க" என்றார்.

கப்பல் வரவில்லை

எல்லாம் ஆயிற்று, கதவுகளைத் தவிர. கடல் சரியில்லை, கப்பல் சென்னையிலேயே நிற்கிறது என்றார்கள். தினமும் ஹேடோவுக்கு ஓடினேன், கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். இங்கே மாணிக்கத்துக்குக் கஞ்சி இறங்குவது நின்றுவிட்டது. கதவு இல்லாமல் ஆண்கள் பக்கம் ஒரு பெண்ணை எப்படித் தங்க வைப்பது என்று பொறுப்பு சிஸ்டரும் கையைப் பிசைந்தார்.

பொன்னம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து இரண்டாக மடித்தார். ஸ்டூல் கேட்டார், ஆணி கேட்டார். நான் வாசலின் இரண்டு பக்கமும் ஆணி அடித்தேன், அவர் சேலையைத் திரையாகக் கட்டினார். சிஸ்டர் உள்ளே போய் நின்று, வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்று சாயங்காலமே மாணிக்கத்தை அந்த அறைக்கு மாற்றினோம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தோட்டத்து லயத்து வீட்டுல சாக்கைத் தொங்கவிட்டுப் பிள்ளை பெத்தவ நான், எனக்கு எதுக்குங்க கதவு?" என்றார் பொன்னம்மா.

கதவு வந்தது

கடல் அடங்கி, கப்பல் வந்து, கதவுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். அறை காலியாக இருந்தது. முந்தின நாள் விடியற்காலையில் மாணிக்கம் போய்விட்டார். பொன்னம்மா தன் சாமான்களை எடுக்க வந்திருந்தார். கதவு தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று உளறினேன்.

"அதை விடுங்க தம்பி. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். கையைப் பிடிச்சாரு, அப்படியே போயிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார்.

சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்ததாக எத்தனையோ இடத்தில் மார்தட்டியிருக்கிறேன், ஆனால் உண்மையிலேயே நேரத்துக்கு முடிந்தது கதவில்லாத அந்த ஓர் அறைதான்.