நுஹாத்தின் கண்

நுஹாத் தெருவில் வருகிறாள் என்றால் எங்கள் ஊரில் பால் சட்டியை மூடிவிடுவார்கள். நானும் மூடுவேன். நீலக் கண், முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. இரண்டும் ஒரே முகத்தில் அமைந்தால் அது கொள்ளிக்கண்தான். லெபனான் மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போதாததற்கு நுஹாத் பொறாமைக்காரி வேறு.

அதை அவள் மறைப்பதும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நாங்களெல்லாம் வயிறு எரிந்தாலும் வாயால் வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து பல்லைக் கடிப்போம். அவள் நேராகவே சொல்லிவிடுவாள். தன்னூஸ் புதுக் கார் வாங்கி வந்தபோது, "என்ன பளபளப்பு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு தன்னூஸ்" என்றாள். மத்தியானத்துக்குள் டயர் வெடித்தது. ஒரு குளிர்காலத்தில் மேலே காட்டுக்குப் போனவள், பனி சுமந்து நின்ற கிழட்டுக் கேதுரு மரத்தைப் பார்த்து, "இந்த வயசுலயும் என்ன அழகுடி இவளுக்கு" என்று பெருமூச்சு விட்டாள். மறுநாள் ஒரு கிளை முறிந்து கிடந்தது. அந்த வாரப் பனியில் காடு முழுக்கக் கிளைகள் முறிந்தன. அதையெல்லாம் யாரும் பேசவில்லை.

காடு பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு எங்கள் ஊரில் சில வீடுகளில் அறை உண்டு. என் வீட்டிலும் உண்டு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கே தெரியும். ஆனால் எல்லாரும் நுஹாத் வீட்டுக்குத்தான் போவார்கள். அவள் வைக்கும் தயிர்மாவுக் கஞ்சியில் புளிப்பு ஜாஸ்தி. ஆனால் வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் செருப்பு எனக்கு வேணும், உன் புருஷனக்கூட விட்டுட்டுப் போ" என்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் சீக்கிரமே போய்விட்டான். தாயில்லாத தம்பி பத்வியை அவள்தான் தூக்கி வளர்த்தாள். அந்தப் பத்விக்கும் அவன் பெண்டாட்டி ஜுமானாவுக்கும் வெகுநாள் கழித்து இந்த வருஷம் ஒரு பையன் பிறந்தான். கண் படாமல் இருக்கத் தொட்டிலில் நீலமணி கட்டினார்கள், தலைக்கு மேல் ஈயம் உருக்கிச் சுற்றினார்கள். நுஹாத்தின் கண்ணில் மட்டும் குழந்தையைக் காட்டவில்லை. கதவைத் தட்டினால், "தூங்குறான்."

கோடைத் திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் பத்வி என்னிடம் வந்தான்.

"ஸல்வாக்கா, காட்டுக் கோயில்லதான் பையனுக்கு ஞானஸ்நானம். அக்காவ வர வேணாம்னு நீங்க சொல்லிருங்க."

"ஏன், உன் வாய்க்கு என்ன வந்துச்சு?"

"அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது."

நான் போய்ச் சொன்னேன். நுஹாத் சுரைக்காய் குடைந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"அவன் சொன்னானா, அவ சொன்னாளா?"

"ரெண்டு பேரும்தான்."

"எனக்கு அவ மேல பொறாமதான்டி, பொய் சொல்ல மாட்டேன். நான் சோறூட்டி வளத்தவன் இப்ப அவ கையால திங்குறான். மடியிலயும் ஒண்ணு வச்சிருக்கா. என் மடியில இந்தக் காய்தான் இருக்கு."

"அப்ப வராத."

"பாக்கலாம்."

திருவிழாவன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் காட்டில் கூடியிருந்தது. சாமியார் ஜெபத்தை ஆரம்பிக்கும்போது நுஹாத் வந்தாள். கூட்டம் ஒதுங்கியது. ஜுமானா சால்வையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

நுஹாத் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கிழட்டுக் கேதுருவையே முறைத்துப் பார்த்தபடி நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் போனேன்.

"என்னடி பண்ற?"

"என் கண்ணுக்கு எதையாச்சும் குடுக்கணுமே. இது தாங்கும். நீ போ."

தலையில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீறிட்டது. நுஹாத்தின் தோள் குலுங்கியது. தலை திரும்பவில்லை. அதைப் பார்த்தது நான் மட்டும் இல்லை, ஜுமானாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் ஜுமானா குழந்தையோடு நேராக அவளிடம் போனாள். பத்வி குறுக்கே கை நீட்டினான், அவள் தட்டிவிட்டாள்.

"மதினி, பிடிங்க."

நுஹாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினாள். வாங்கி மார்போடு அணைத்தாள். விரலால் மூக்கைத் தடவினாள், காதைத் தடவினாள்.

"பத்வி காது" என்றாள்.

"கண்ணத் தொறந்து பாருங்க மதினி."

"வேணாம்."

"நான்தானே சொல்றேன்."

"இன்னும் அடங்கல ஜுமானா. உன் குரலக் கேட்டாலே எரியுது. அடங்கட்டும், அப்புறம் பாத்துக்கிறேன்."



"சரி, அடங்குற வரைக்கும் நீங்களே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஜுமானா சாப்பிடப் போய்விட்டாள்.