பிசகாத கடிகாரம்

அந்தக் கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தபோதே பழசாகியிருந்தது. டவுனில் மூடிப்போன ஒரு பயிற்சி நிலையத்தின் மூலையில் கிடந்தது. தட்டச்சுப் பலகைக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடங்கிவிடும் வகை. வீட்டு டிவியோடு இணைத்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கலர் திரையும் மவுஸுமாகப் புதிய கம்ப்யூட்டர்கள் திருநெல்வேலிக்கு வந்துவிட்டதால் அதை யாரும் சீண்டவில்லை. நான் பேட்டையில் ஸ்டெபிலைசர் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தேன். சாலிடரிங் தெரியும் என்ற தைரியத்தில் தூக்கி வந்துவிட்டேன்.

அதில் ஒரு குறை இருந்தது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மணி என்ன என்பதைக்கூட ஒவ்வொரு தடவையும் நாம்தான் அடித்துச் சொல்ல வேண்டும். கொக்கிரகுளத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் மின்சாரம் போகாத நாளே கிடையாது. அதனால் நேரத்தைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் ஒரு சிப்பை மதுரையிலிருந்து வரவழைத்துப் பொருத்தினேன். பக்கத்தில் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோலத் துடித்து நேரத்தை அளக்கும் ஒரு சின்னப் படிகம், ஒரு பொத்தான் பேட்டரி. கம்ப்யூட்டர் தூங்கினாலும் இந்தச் சிப் மட்டும் விழித்திருந்து வினாடி எண்ணிக்கொண்டிருக்கும். போட்டவுடன் திரையில் மணியைக் காட்டும்படி ஒரு ப்ரோக்ராமும் எழுதி, அணைத்தாலும் அழியாதபடி உள்ளே பதித்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ரேடியோச் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஒலியோடு அதை ஒத்துப்பார்ப்பேன். முதல் நாள் சரியாக இருந்தது. ஒரு வாரம் கழித்தும் சரியாக இருந்தது. இரண்டு மாதம் ஆகியும் ஒரு வினாடிகூடப் பிசகவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு மலிவான படிகம் அப்படி ஓடாது என்று படித்திருந்தேன். என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை முதலாளி அண்ணாச்சியிடம் பெருமையடித்தேன். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தானாக மணியடிக்கும் பெட்டி செய்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள்.

"இதே சிப்பு, இதே படிகம் போட்டா நேரம் தவறாம அடிக்குமாவே?" என்றார்.

"அடிக்கும் அண்ணாச்சி. ரெண்டு மாசமா பாக்கேன். ஒரு வினாடி பிசகல."

அவர் அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்தச் சிப்பில் ஐம்பது எழுத்து கொள்ளும் அளவுக்குக் கூடுதல் இடம் இருந்தது. பேட்டரி இருக்கும்வரை அதில் எழுதியது அழியாது. சும்மா கிடக்கிறதே என்று, கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்த நேரத்தை அதில் குறித்து வைக்கும்படி செய்தேன். அடுத்த தடவை போடும்போது 'கடைசியாக இயக்கியது' என்று ஒரு வரி திரையின் கீழே வரும். விளையாட்டாகச் செய்ததுதான்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து போட்டேன். கடைசியாக இயக்கியது, அதே நாள், மதியம் ஒன்று ஐம்பத்து நான்கு.

அந்த நேரத்தில் நான் பேட்டையில் இருந்தேன். ப்ரோக்ராமில்தான் தப்பு என்று வரி வரியாகப் பார்த்தேன். தப்பு இல்லை. மறுநாள் ஒன்று ஐம்பத்தைந்து என்று காட்டியது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி அந்த மேஜைப் பக்கமே போகமாட்டாள். டிவியில் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் ஒயரை மாற்றச் சொல்வாள்.

"மத்தியானம் யாரும் வந்தாவளா?" என்று கேட்டேன்.

"இங்கன யாரு வாரா? ஒருத்தரும் வரல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வழக்கத்தைவிட வேகமாகப் போனதாக எனக்குப் பட்டது. மூன்றாம் நாளும் அந்த வரியில் மதிய நேரமே வந்தது. அன்றிரவு எதிரில் உட்கார்ந்து எனக்குக் குழம்பு ஊற்றுகிறவளை யாரோ ஒருத்தியைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது.

நான்காம் நாள், தலைவலி என்று பட்டறையில் சொல்லிவிட்டு மதியம் பஸ் ஏறினேன். மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பைய ஏறினேன். சொந்த வீட்டுக்கு அப்படி ஏறியது அன்று ஒருநாள்தான். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே ஓர் ஆணின் குரல் கேட்டது.

படியிலேயே உட்கார்ந்துவிடப் பார்த்தேன். அதற்குள் அந்தக் குரல், நெற்பயிருக்கு உரமிடுவதைப்பற்றிச் சொல்லி முடித்து, இத்துடன் இந்த நிகழ்ச்சி நிறைவடைகிறது என்றது. ரேடியோ.

கதவைத் தள்ளினேன். அவள் மேஜை முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் தட்டச்சுப் பலகையின் ஒரு கட்டைமேல், அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் நின்றது. திரையில் இரண்டு மணி, சைபர் நிமிடம், சைபர் வினாடி என்று எண்கள் அசையாமல் காத்திருந்தன. பீப், பீப் என்று வந்து, கடைசி பீப் நீளமாக ஒலித்ததும் விரல் இறங்கியது. வினாடிகள் ஓட ஆரம்பித்தன.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். டிரான்சிஸ்டர் கைநழுவித் தரையில் விழுந்தது. மூடி திறந்து பேட்டரி இரண்டும் கட்டிலுக்கடியில் உருண்டன.

"வேணும்னு செய்யல," என்றாள். "நீங்க இத மாட்டுன மறுநாளே தூசி தட்டையில சுவிச்சுல கை பட்டுட்டு. எப்படி இருக்குன்னு டிவியப் போட்டுப் பாத்தேன். என்னமோ கேட்டுச்சு. ஒரு கட்டைய அமுக்கினேன். மணியெல்லாம் சைபர் ஆயிட்டு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஏசுவிய."

கல்யாணமான புதிதில் மேஜையைத் துடைக்கும்போது ஒரு ஒயரை அவள் இழுத்துவிட்டாளாம். இனி இதைத் தொடாதே என்று கத்திவிட்டு இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

"ரேடியோவ வச்சி சரி பண்ணிட்டேன். மறுநா பாத்தா நாலு வினாடி முந்தி ஓடுது. நான் தொட்டதுலதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சாயங்காலம் நீங்க ஒத்துப் பாப்பியள்லா, அதுக்கு முன்னால தெனமும் சரி பண்ணிருவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். ஞாயித்துக்கிழம நீங்க ஆத்துக்குக் குளிக்கப் போகையில."

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்து வந்து காட்டினாள். கிழித்த காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஓர் எண். நாலு, நாலு, மூணு, நாலு. மழை பெய்த நாளில் அஞ்சு. வெயில் கொளுத்தினால் படிகத்தின் ஓட்டம் மாறும் என்று நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் அவள் கணக்குப் பாடத்தோடு தேறியவள் என்பதைப் பெண் பார்க்கப் போனபோது சொல்லியிருந்தார்கள். அதன்பின் ஒருநாள்கூட அதைப்பற்றி நான் கேட்டதில்லை.

தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நீங்க ஏன் மத்தியானமே வந்திய?"

"தலவலி."

அவள் திரையைப் பார்த்தாள். கீழே இருந்த வரியைப் படித்தாள். நான்கு நாளாக அது கண்ணில் பட்டும் என்னவென்று யோசிக்காதவள், இப்போது யோசித்தாள். என் கையில் இருந்த செருப்பையும் பார்த்தாள்.

"யாரு இருப்பான்னு நெனச்சிய?"

"திருடனோன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து கட்டிலுக்கடியில் பேட்டரியைத் தேடினாள்.

மறுநாள் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"அப்போ ரெண்டு மாசமா பிசகாம ஓடுனது படிகம் இல்ல. உம்ம வீட்டுல உள்ள பிள்ளையாவே?"

"ஆமா அண்ணாச்சி."

"பள்ளிக்கூடத்துக்காரங்க கிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "அந்தத் தாள வாங்கிட்டு வாரும்," என்றார்.

வீட்டில் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள். தாளைக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று எனக்கு. காலையில் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்திருந்தாள். பட்டறையில் அண்ணாச்சியும் நானும் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, படிகத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைச் சேர்த்து ஓட்டத்தைக் குறைத்தோம். வாரத்துக்கு இரண்டு வினாடிக்குள் வந்துவிட்டது. வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி தாமதமாகப் போனாலும் ஒழுங்காக மணியடித்தது. அதை மாட்டப் போனபோது அவளையும் கூட்டிவரச் சொன்னது அண்ணாச்சிதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் இருந்தாள். நாங்குநேரி தாண்டியதும் நான் சொன்னேன்.

"அன்னைக்கு நான் திருடன்னு நெனைக்கல."

"தெரியும்," என்றாள், வெளியே பார்த்தபடி. "அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுதியளான்னு பாத்தேன். நாப்பத்தோரு நாளாயிட்டு."

பாளையங்கோட்டையில் இறங்குவதற்கு முன், காய் ஒன்றும் இல்லை, மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று மட்டும் சொன்னாள்.