கேட்டால்தான் படம் வரும்

“ஏனுங்க, பக்கத்து ஊட்டுல படம் ஓடுது, எங்கூட்டுல மட்டும் வட்டம் சுத்துது, நாங்க என்ன பாவஞ் செஞ்சோமுங்க?” குக்கர் விசில் அடிக்கும் நேரத்துக்கு இந்த ஃபோன். கேபிள் தொழில் என்றால் கணவர் கம்பத்தில் ஏறுவார், மனைவி திட்டு வாங்குவாள். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் மாடி அறைதான் ஆபீஸ். புகார் ஃபோன் மட்டும் ஏனோ என் சமையலறையில். வீட்டிலேயே தொழில் நடக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முருங்கை

இன்டர்நெட் ஒயரிலேயே டிவி என்று இவர் மாறியதும் எனக்குப் பாடம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு சேனலைத் தனி நகலாக அனுப்பினால் லைன் தாங்காதாம். மாடியிலிருந்து ஒரே நகல் கிளம்பும். தெரு பிரியும் இடத்துப் பெட்டி அதை இரண்டாக்கும். ஒரு பக்கம் யாருமே கேட்காத சேனல் அந்தப் பக்கம் போகாது. வரைந்தால் கிளைவிட்ட மரம் மாதிரி இருக்கும், அதனால் பெயரே மரம்.

இந்த அறிவை நம்பி ஒரு தோட்டத்துக்காரரிடம், “பிரச்சினை மரத்துலதாங்க, உங்க பக்கத்துக் கிளையில” என்று சொல்லித் தொலைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டார். “முருங்கையை அடியோட வெட்டிப்போட்டேனுங்க அம்மணி, இன்னும் படம் வரலைங்களே.”

வருகைப் பதிவு

அடுத்தது ஒரு அபார்ட்மென்ட். எங்கள் பிழைப்பில் பாதி அந்த ஒரு கட்டடம். அங்கே படம் நன்றாகத்தான் வரும். சீரியல் மாமியார் வாயைத் திறக்கும்போது நின்றுவிடும். சேனல் மாற்றித் திரும்பினால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். சங்கத்துச் செயலாளர் கெடு வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயில் கும்பாபிஷேக நேரலை நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் மொத்தக் கட்டடமும் வேறு கம்பெனிக்கு.

கான்வென்ட்டில் சிஸ்டர் வருகை எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்திலும் அப்படித்தான். “யாராவது பார்க்கிறீங்களா?” என்று ஒரு பெட்டி அவ்வப்போது கேட்க வேண்டும், வீட்டு டிவிப் பெட்டி “நான் பார்க்கிறேன்” என்று சொல்ல வேண்டும். பதில் இல்லாத கிளைக்கு ஆப்சென்ட் போட்டு வெட்டிவிடும். இந்தக் கட்டடத்தில் பதில் சொல்ல எல்லோரும் இருந்தார்கள், கேள்வி கேட்கத்தான் யாருமில்லை. சேனல் மாற்றும்போது மட்டும் டிவிப் பெட்டி தானாக ஒரு தடவை “நான் பார்க்கிறேன்” என்று சொல்லும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் படம். இவர் தலையைப் பிய்த்துக்கொண்டு, மாடிப்படியடியில் இருந்த பெட்டியைக் கேள்வி கேட்க வைத்தார்.

இனிமேல் நிற்காது என்று மூன்றாம் மாடி அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “நிக்கறதுக்குள்ள மாத்தி மாத்தி ரெண்டு சீரியல் பார்த்துப் பழகிட்டேனுங்க, இனி ஒண்ணுதானுங்களா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

இவர் கேமராவோடு கோயிலில், நான் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால். கோபுரத்தில் தீர்த்தம் விழுந்தது, படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. திரையில் மரத்தின் கிளையெல்லாம் பச்சை. அந்த அபார்ட்மென்ட் கிளையை மட்டும் காணோம். போச்சு, பாதிப் பிழைப்பு போச்சு என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“படம் நிக்கலீங்கம்மா. எல்லாரும் கோயில் வேன்ல ஏறிப் போயிட்டாங்க. கரண்டு எதுக்குன்னு டிவியெல்லாம் அமத்திப்போட்டாங்க.”

மரம் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, பதில் வராததால் வெட்டியிருக்கிறது. ஆனால் செயலாளருக்கு ஓடியதற்குச் சாட்சி வேண்டுமாம். படம் நின்றால் கட்டடமே சாட்சி, நிற்காமல் ஓடினால் ஒரு ஆள் கிடைக்காது என்பதுதான் இந்தத் தொழிலின் லட்சணம்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு வைத்தேன்: “இப்போ மறு ஒளிபரப்பு ஓடிட்டிருக்குதுங்க. யாராவது ஒருத்தர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, நிக்கலைன்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.