மயிலுக்குத் தூவிய சோளம்

அவிநாசி ரோட்டுக்குப் பின்னால் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சலவைப்பட்டறையில் வெளுத்த பனியன் துணியை அங்கே மிஞ்சியிருந்த மேட்டுக்காட்டு நிலத்தில் விரித்துக் காயப்போடுவார்கள். சாயங்காலம் சுருட்டும்வரை அதற்குக் காவல் இருப்பதுதான் நல்லம்மாளின் வேலை.

காடோ மயில்களுடையது. சோளம் விளைந்த நிலத்தில் வீடுகள் வந்த பிறகும் அவை போகவில்லை. மதில்மேல் நின்று அகவும். வாசலில் காயும் மிளகாயைக் கொத்தும். ஈரத்துணிமேல் சேற்றுக்காலோடு நடக்கும். அவள் தடியோடு இந்த மூலைக்கு ஓடினால் அந்த மூலையில் இறங்கும். நாலு வாய் சேர்ந்தாற்போல் அவள் உண்டதில்லை. வீட்டுக்குப் போனாலும் காது காட்டிலேயே கிடக்கும்.

ஐப்பசியில் மூன்றாம் முறையாகத் துணி மறுசலவைக்குப் போனதும் முதலாளி தங்கவேலு ஒரு பொட்டலத்தோடு வந்தார். பருத்திக்கு அடிக்கும் மருந்தில் ஊறிய சோளம்.

"வேலியோரமாத் தூவிப்போடு அம்மிணி. ரெண்டு விழுந்தா மத்தது வராது."

"முருகனோட வாகனமுங்க மொதலாளி. நானு கிருத்திகைக்கு வெரதம் இருக்கறவளுங்க."

"அப்ப வெரதமே இரு. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவள் கணவன் லிங்கசாமி சாமளாபுரத்தில் தறி ஓட்டியவன். கையில் அடிபட்டு மூன்று மாதமாக வீட்டில் கிடந்தான். தூவினாள்.

தூவிவிட்டு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. பெட்டை மயிலொன்று மூன்று குஞ்சுகளோடு வேலிக்குள் நுழைந்ததைக் கண்டதும் அலறிக்கொண்டு ஓடினாள். விரட்டினாள், திரும்பி வந்தது. முந்தானையை விரித்து மண்ணோடு சோளத்தை வாரினாள். கை எரிந்தது, தலை சுற்றியது. குழி தோண்டி மூடிவிட்டு நிமிர்ந்தபோது மற்ற மயில்களெல்லாம் துணிமேல் உலாவிக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணி வெச்சிருக்கற?" என்றார் தங்கவேலு.

"அள்ளிப் பொதச்சுட்டனுங்க. என்னால ஆகலீங்க."

அன்றோடு வேலை போயிற்று.

பக்கத்து வீதிக் கம்பெனியில் பனியன் மடித்துக்கொண்டிருந்தவளைத் தேடி ஒரு மாதம் கழித்து அவரே வந்தார்.

"புது ஆளு தூவுனான். ரெண்டு செத்துது. மத்தது வந்துட்டேதான் இருக்குது. கம்பு நட்டுக் கயிறு கட்டிட்டேன், இனித் துணி தரையில கெடக்காது. காயப்போட்டு எடுக்க ஆளு வேணும், நீ வா."

"செத்தது பெட்டைங்களா?"

"யாரு பாத்தா?"

மறுநாள் போனாள். துணிகள் தலைக்குமேல் ஆடின. விரட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வேலியோரம் நடந்துகொண்டே இருந்தாள். பெட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன, எதனோடும் குஞ்சுகள் இல்லை. குஞ்சுகளோடு வந்தது அவற்றில் ஒன்றா என்று அருகில் போய்ப் போய்ப் பார்த்தாள். எல்லாம் ஒரே சாயலில் இருந்தன.