ஓனருக்குத் தெரிந்துபோன விஷயம்

சைனிக்புரியில் நான் குடியிருந்த வீட்டின் ஓனர், என் அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் இருப்பார். எதைப் பற்றிப் பேசினாலும், "ஒரு போன் போட்டா தெரிஞ்சிடும்" என்பார்.

கணவர் என்னைப் பிரிந்து போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போலவே அவருக்கும் மத்திய அரசு வேலை என்பதால், வீட்டு வாடகைப் படிக்காக, பிரிந்து வாழ்கிறோம் என்று அலுவலகத்தில் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே ஓனர் என்னை கேட் அருகில் நிறுத்தினார்.

"சார் இனிமே வரமாட்டாராமேம்மா? டென்ஷன் நக்கோ, கவலைப்படாதே. வாடகையைக் குறைச்சுக்கறேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆபீஸ் செக்‌ஷன்ல எல்லாம் நம்ம பசங்கதானேம்மா."

பக்கத்தில் நின்ற மாடி வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் சண்டை போட்டேன். "அவரு நம்ம ஆளுதானே மேடம், வெளியாளா?" என்று சிரித்தார்கள். மேலதிகாரியும் அதையே சொன்னார்.

கொண்டாப்பூருக்கு வீடு மாறினேன். சாமான் வண்டி கிளம்பும்போது ஓனர் கண் கலங்கி நின்றார்.

"நல்லதுக்குத்தானேம்மா கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போறியே!"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. திட்டவும் முடியாமல் வண்டியில் ஏறினேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.